ஹெண என்றால் பெண் இல்லை

மேடையில் அவள் பேரைச் சொல்வதாக டெல்வின் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் ஃபிர்தௌஸ் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை உதறினாள், அம்மா முனவர் பேகத்திடம் ஒரு மூச்சு சண்டை போட்டாள், குருபரப்பள்ளியில் பஸ் பிடித்து ஓசூருக்கு வந்து சேர்ந்தாள். கல்யாண மண்டபத்து வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். ‘பன்னிரண்டு வாசல் ரசிகர் திருவிழா’. அந்தத் தலைப்பைத் தமிழில் வைத்ததே அவள்தான்.

“யாரோட வந்தீங்க சிஸ்டர்?” என்று கேட்டான் வாசலில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மணிகண்டன்.

“தனியாத்தான் வந்தேன்.”

“இல்ல, யாரு ஃபேமிலின்னு கேட்டேன். ஃபேமிலிக்கு அந்த ஓரமா சேர் போட்டிருக்குது. டிக்கெட் வேணாம், சும்மா போய் உக்காருங்க.”

“நான் டிக்கெட் வாங்கியிருக்கேன். இதோ.”

மணிகண்டன் டிக்கெட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சிரித்தான். “ஓ, ஃபேனா? அப்படின்னா ஒண்ணு சொல்லுங்க பாப்போம். ஏழாம் வாசல் பூட்ட ஒடச்சது யாரு?”

அவளுக்கு முன்னால் எட்டுப் பத்துப் பையன்கள் உள்ளே போயிருந்தார்கள். ஒருத்தனையும் நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. “ஏழாம் வாசலுக்குப் பூட்டே கிடையாது” என்றாள் ஃபிர்தௌஸ். “உன் பனியன்லயே எழுதியிருக்குது, குனிஞ்சு படி.”

மணிகண்டன் நிஜமாகவே குனிந்து பார்த்தான். ‘பூட்டில்லாத வாசலுக்குத்தான் காவல் அதிகம்’ என்று அவன் நெஞ்சில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த வரியும் அவளுடையதுதான். அதைச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு உள்ளே போனாள். இன்றைக்கு எப்படியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தாள் பாவம்.

விஷயம் இதுதான். ‘ஹன்னெரடு பாகிலு’, அதாவது ‘பன்னிரண்டு வாசல்’, என்பது பெங்களூர்ப் பையன்கள் சிலர் கன்னடத்தில் செய்து இணையத்தில் விடுகிற ஒலித்தொடர். படம் கிடையாது, குரலும் சத்தமும்தான். ஒரு கோட்டை, அதற்குப் பன்னிரண்டு வாசல், வாசலுக்கு ஒரு சாபம். சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்களில் பாதிப் பேர் காதில் அதுதான் ஓடும். கன்னடம் அரைகுறையாகப் புரிகிறவர்களுக்காக ஒவ்வொரு பாகத்தையும் யாரோ தமிழில் எழுதி, ‘வாசல் காவலர்கள்’ என்ற ரசிகர் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, ஃபிர்தௌஸ்தான். பிரேக் பார்ட்ஸ் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு பீஸ் பீஸாகச் செக் பண்ணிவிட்டு, போக வர பஸ்ஸில் கேட்டு, வீட்டில் சோற்றுத்தட்டுக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு தட்டித் தட்டி எழுதினாள். யாரும் கூலி கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தக் கோட்டைமேல் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம்.

ஆனால் ஒவ்வொரு பாகத்தின் தலையிலும் ‘தமிழில்: வாசல் காவலர்கள் குழு’ என்றுதான் இருக்கும். ஏன் என்று அவள் ஒருமுறை கேட்டாள். குழுவை நடத்துகிற, அவள் எழுதி அனுப்புவதை அதில் ஏற்றுகிற டெல்வின், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவன், தேன் ஒழுகப் பதில் சொன்னான். “லேடீஸ் பேரு போட்டா கண்டவன்லாம் இன்பாக்ஸ்ல வந்து நிப்பான் சிஸ்டர். உங்க சேஃப்டிக்குத்தான் சொல்றேன்.” கண்டவனை அடக்க வக்கில்லை, அவள் பேரை அடக்கிவிட்டான். அன்றைக்கு அவளும் சரி என்று தலையாட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தத் தடவை நிலைமை வேறு. தொடரைச் செய்கிற பெங்களூர்க்காரர்களே விழாவுக்கு வருகிறார்கள். தமிழில் கொண்டுவந்தது யார் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். “மேடையில உங்க பேர நானே சொல்றேன் சிஸ்டர், ப்ராமிஸ்” என்று டெல்வின் செய்தி அனுப்பினான். அதை அவள் எத்தனை தடவை எடுத்துப் படித்தாள் என்று கேட்காதீர்கள்.

ஒரு சங்கடமும் இருந்தது. சிறு வயதில் ஓசூரில் வாடகை வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு. அப்படிக் காது வழியாக வந்த கன்னடம் அவளுடையது. ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. ஒன்பதாம் வாசல் பாகத்தில், ஆற்றுக்குள்ளிருந்து ஒரு படை எழுந்து வந்து கோட்டையைப் பிடிக்கும். ‘ஹெணகள படெ’ என்று கதைசொல்லி சொல்வான். ஹெண என்றால் பிணம். பிணங்களின் படை. ஃபிர்தௌஸ் அதைக் கேட்டது சூளகிரிப் பக்கம் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற நேரத்தில், ஜன்னல் கதவு கடகடக்கிற பஸ்ஸில். அவள் காதில் ‘ஹெண்ணுகள படெ’ என்று விழுந்தது. ஹெண்ணு என்றால் பெண். தமிழில் ‘பெண்கள் படை’ என்று எழுதிவிட்டாள். பெண்கள் ஆற்றிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து வந்தார்கள், கோட்டையைப் பிடித்தார்கள். எழுதும்போது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. கதை முழுக்க ராணி, தாதி, சூனியக்காரி தவிர வேறு பொம்பளையே கிடையாதே, கடைசியில் வந்துவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டாள்.

போன மாதம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அதே பாகத்தைத் திரும்பக் கேட்டபோதுதான் ஹெண என்று தெளிவாகக் காதில் விழுந்தது. உடனே டெல்வினுக்குப் போன் போட்டு, தப்பு நடந்துவிட்டது, திருத்திய பிரதி அனுப்புகிறேன், மாற்றிவிடுங்கள் என்றாள். “விடுங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்” என்றான். பார்த்துக்கொண்டான், ரொம்ப நன்றாகவே பார்த்துக்கொண்டான்.

மண்டபத்துக்குள் கூட்டம் அலைமோதியது. வாள், கவசம், அட்டைக் கிரீடம், முகத்தில் சாயம். ஓரமாகப் போட்டிருந்த ஃபேமிலி சேர்களில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கவசம். பார்ட்ஸ் சுற்றி வருகிற ஃபோம் ஷீட்டை வெட்டி, ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தலைமுடியில் எண்ணெய் தடவி ஈரம் மாதிரி படிய வாரியிருந்தார்கள். ஃபிர்தௌஸ் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நீங்க என்ன வேசம்?” என்று கேட்டாள், தெரிந்தே.

“பெண்கள் படைக்கா!” என்றாள் நடுவில் இருந்த பெண். அவள் பேர் எஸ்லின். ஊர் சிங்காரப்பேட்டை, வேலை ஒரு போன் கம்பெனியில், இருப்பது ஹாஸ்டலில். “நாங்க எல்லாரும் ஒரே ஹாஸ்டல். ஒம்போதாம் வாசல் படிச்சதுக்கப்புறந்தான் இதுல வுழுந்தோம். அந்த ஒரு பாகம் இல்லன்னா இதெல்லாம் ஆம்பளைங்க வெளாட்டுன்னு இருந்திருப்போம். கவசம் செய்ய ஒரு மாசம் ஆச்சி. வேசப் போட்டிக்கு நாங்களும் மேடை ஏறலாமான்னு வாசல்ல கேட்டா, போட்டியில பேரு இல்லீங்களே சிஸ்டர்ங்கறான்.”

அதை எழுதியது தான்தான், அது தப்பு என்று சொல்லிவிட ஃபிர்தௌஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் மேடையில் டெல்வின் மைக்கைத் தட்டினான்.

பெங்களூர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்வின் கன்னடமும் தமிழும் இங்கிலீஷுமாகக் கலந்து கட்டி வரவேற்றான். குழு எப்படி வளர்ந்தது, எத்தனை பேர் சேர்ந்தார்கள், தான் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்றெல்லாம் சொன்னான். “நம்ம டீம் பண்ண தமிழ் வெர்ஷன் இல்லன்னா இன்னிக்கு இந்த மண்டபம் ரொம்பி இருக்காது” என்றான். கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. ஃபிர்தௌஸ் சேலை முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். இப்போது சொல்வான்.

“ஆனா ஒரு காமெடியும் நடந்துச்சி” என்றான் டெல்வின். “நம்ம டீம்ல ஒரு சிஸ்டர் இருக்காங்க. பேரு ஃபிர்தௌஸ். ஒம்போதாம் வாசல்ல ஹெணகள படெ வருதில்ல? பொணப்படை. நம்ம சிஸ்டர் என்ன எழுதி வெச்சிருக்காங்க தெரியுமா? பொம்பளப் படை! ஹெணக்கும் ஹெண்ணுக்கும் வித்தியாசம் தெரியல. சரி, ரெண்டும் ஒண்ணுதான், ராத்திரியில பாத்தா பயமாத்தான் இருக்கும்!”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. யாரோ விசில் அடித்தான். முன்வரிசையில் ஒருவர் திரும்பி ஓரச் சேர்களைப் பார்த்தார், பிறகு எல்லோரும் பார்த்தார்கள். சாம்பல் கவசம் போட்ட பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். “அய்ய, பொணமுங்களா, எந்திரிச்சு வாங்க!” என்று ஒருவன் கத்தினான். எஸ்லின் மடியில் இருந்த ஃபோம் கேடயத்தை மெதுவாகச் சேருக்கு அடியில் தள்ளினாள்.

அதைப் பார்த்ததும் ஃபிர்தௌஸுக்கு வெட்கம் போன இடம் தெரியவில்லை. வந்தது சுத்தமான கோபம், காது மடலெல்லாம் சுட்டது. இத்தனை பாகம் எழுதியிருக்கிறாள். சரியாக எழுதியதற்கெல்லாம் குழு. தப்பாக எழுதிய ஒரே வார்த்தைக்கு மட்டும் ஃபிர்தௌஸ். சொல்கிறேன் சொல்கிறேன் என்றானே, இதைத்தான் சொல்ல வைத்திருந்தானா?

மணிகண்டன் கேள்வி பதிலுக்காக இன்னொரு மைக்கோடு நடையில் நின்றுகொண்டிருந்தான். ஃபிர்தௌஸ் நேராகப் போய் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

“அந்தத் தப்பு என்னுதுதான்” என்றாள். “போன மாசம் நானே கண்டுபுடிச்சி, நானே உனக்குப் போன் போட்டு மாத்தச் சொன்னேன். நான் பாத்துக்கறேன்னு சொன்ன. இன்னிக்கு இவங்க முன்னாடி சிரிக்கறதுக்குத்தான் பத்திரமா வெச்சிருந்தியா?”

“சிஸ்டர், ஜோக்குதானே...” டெல்வின் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். “கோவப்படாதீங்க. டீம்ல எல்லாரையும் கடைசியில சொல்லத்தான் போறேன்.”

“எந்த டீமு? ஹன்னெரடு பாகிலுல ஒரு வரி, ஒரே ஒரு வரி, தமிழ்ல எழுதுனவன் இந்த மண்டபத்துல யாராச்சும் இருந்தா எந்திரிச்சு நிக்கச் சொல்லு.”

யாரும் எழுந்திருக்கவில்லை. மணிகண்டன் தன் பனியனைப் பார்த்தான்.

“நீ எழுதுனியா?” என்றாள் டெல்வினிடம். “சொல்லு, உங்கம்மா மேல சத்தியமாச் சொல்லு. தப்பு வந்தா எம்பேரு, கைத்தட்டு வந்தா குழுவா? தப்பு என்னுதுன்னா மிச்சம் மொத்தமும் என்னுது. எனக்கு நீ அண்ணனும் இல்ல, நான் உனக்கு சிஸ்டரும் இல்ல. எம்பேர இப்ப சொன்னியே, அதே வாயால இன்னொரு தடவ சொல்லு. எதுக்குச் சொல்லணுமோ அதுக்குச் சொல்லு.”

டெல்வின் முன்வரிசையைப் பார்த்தான். அங்கே யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து, “ஓவரா பண்ணுதுடா இது” என்று ஒரு குரல் வந்தது. ஃபிர்தௌஸ் அசையவில்லை. சொல்லாமல் இந்த நிகழ்ச்சி நகராது என்று அவன் முகத்தில் தெரிந்தது.

“தமிழில்...” என்றான். “பன்னிரண்டு வாசல், தமிழில்... ஃபிர்தௌஸ்.”

முதல் கைத்தட்டல் ஓரச் சேர்களிலிருந்து வந்தது. பிறகு பையன்களிலும் பல பேர் தட்டினார்கள், சில பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பிடுங்கித்தானே வாங்க வேண்டியிருந்தது என்று இன்னும் எரிந்தது. மைக்கை மணிகண்டன் கையில் திணித்துவிட்டு வெளியே நடந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கவசப் பெண்கள் கேடயங்களோடு மொத்தமாகப் பின்னாலேயே வந்தார்கள்.

“அக்கா, அந்தப் பாகத்த மாத்திடுவீங்களா?” என்றாள் எஸ்லின்.

“மாத்தித்தான் ஆவணும். ஹெணன்னா பொணந்தான். தப்ப வெச்சிக்கினு நான் எழுதமாட்டேன்.”

“அப்ப நாங்க யாரு?”

அவர்கள் ஒரு மாதம் வெட்டி ஒட்டிய கவசங்களை ஃபிர்தௌஸ் பார்த்தாள். தோள்பட்டையில் ஆற்றுப்பாசி மாதிரி பச்சை நூல்கூடத் தைத்திருந்தார்கள். மூலக் கதையில் இல்லாத ஒன்று. அவள் எழுதியதிலும் இல்லை.

“அவங்க கதையில நீங்க இல்ல” என்றாள். “எவனும் உங்கள எழுதல. என் காதுக் கோளாறுல வந்தவங்க நீங்க. அதனால அவங்க கதையில போய் நாம இடம் கேக்கப் போறதில்ல, நம்ம கதைய நாமே சொல்லப் போறோம். அந்தப் பாசி யாரு தெச்சது?”

“நாந்தாங்க்கா.”

“ஆத்துக்குள்ள எவ்ளோ நாளா இருந்தாங்க அந்தப் பொம்பளைங்க? என்னாத்துக்கு உள்ள போனாங்க? யாரு தள்ளுனா? யோசிச்சியா?”

“தெனமும் ஹாஸ்டல்ல அதத்தானே பேசிக்கினு இருக்கோம்” என்றாள் எஸ்லின். பின்னால் நின்றவர்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி யாரும் தள்ளவில்லை, தாங்களாகவே போனார்கள் என்றாள். இன்னொருத்தி சும்மா இருடி, தள்ளினது அந்தக் கோட்டை ராஜாதான் என்றாள்.

மண்டபத்துக்குள் டெல்வின் எதையோ அறிவித்துக்கொண்டிருந்தான். ஃபிர்தௌஸ் போய்க் கூடத்துக் கதவைச் சாத்தினாள். போனை எடுத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, இலை போடுகிற மேஜைமேல் வைத்தாள்.

“கதைய அப்புறம் சொல்லலாம். மொதல்ல ஒவ்வொருத்தரா வந்து உங்க பேரச் சொல்லுங்க. நல்லா சத்தமா, முழுப்பேரு. இனிமே எவனும் குழுன்னு போட முடியாது.”

எஸ்லின் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு மேஜைமேல் குனிந்து, தன் பேரைச் சொன்னாள்.