எட்டிப் பார்க்கும் நாள்

கடன் பிரிவு அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். திரையில் ஓர் அரைவட்டம். ஒரு முனை சிவப்பு, மறுமுனை பச்சை, நடுவில் ஒரு முள். காரில் வேகம் காட்டும் மீட்டர் மாதிரியே இருந்ததால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. முள் ஆரஞ்சு நிறத்தில் நின்றிருந்தது. அதன் கீழே என் கிரெடிட் ஸ்கோர், அறுநூற்றுச் சொச்சம் என்று ஓர் எண். வருடக்கணக்காக அடுத்தவரை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ தேறுவாய், நீ தேறமாட்டாய் என்று சொல்லிப் பிழைக்கிறவள் நான். இப்போது முகம் தெரியாத எவனோ எனக்கே மார்க் போட்டு வைத்திருக்கிறான்.

"பாஸா, பெயிலா சார்?"

அவர் சிரித்துவிட்டார். என் தம்பி வயதுதான் இருக்கும். "பெயில்னு சொல்ல மாட்டேன் மேடம். ஆனா இந்த மார்க்குக்கு கார் லோன் குடுத்தா என்னைத்தான் மேல கேள்வி கேப்பாங்க."

"நான் யாருக்கும் ஒரு சல்லிக்காசு பாக்கி வச்சதில்லை."

"அது தெரியுது. மூணு வருஷமா ஒரு தவணைகூடத் தவறலை. முழுப் பணமும் கட்டியிருக்கீங்க. அதனாலதான் இந்த அளவாவது இருக்கு." பேனாவின் பின்பக்கத்தால் திரையில் இன்னோர் இடத்தைத் தட்டினார். "கோளாறு இங்க. உங்க கிரெடிட் கார்டுக்கு லிமிட் ஒரு லட்சம். மாசாமாசம் பில் போடற அன்னிக்குத் தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தெட்டுன்னு நிக்குது. மார்க் போடறவங்களுக்கு பேங்க் அனுப்பறது அந்தத் தேதி பாக்கியைத்தான். நீங்க மூணு வாரம் கழிச்சு முழுசா கட்டறீங்க, சரி. அதுக்கப்புறம் மறுபடி ரொப்பிடறீங்க. அடுத்த பில்லுலயும் அதே கதை. எப்பப் பார்த்தாலும் கழுத்து வரைக்கும் கடன்ல நிக்கற ஆளுன்னு முடிவு பண்ணிடுவாங்க."

அந்தக் கார்டில் நான் ஒரு ஹேர்பின்கூட வாங்கியதில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "கார்டை வேற யாராவது... வேணாம், நான் கேக்கலை. நீங்களும் சொல்லலை." பிறகு குரலைச் சற்று இறக்கிச் சொன்னார்: "பில் போடற தேதிக்கு முன்னாடியே கட்டிடுங்க. அன்னிக்கு முப்பதாயிரத்துக்குக் கீழ நிக்கட்டும். ரெண்டு மாசத்துல முள்ளு தானா ஏறும். கோவத்துல கார்டை மட்டும் மூடிடாதீங்க. உங்க பேர்ல இருக்கற ஒரே பழைய கணக்கு அதுதான். அதுவும் போச்சுன்னா உங்களைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இருக்காது."

நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது.

எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. தொழிலை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார். இருக்கிற ஒரே வெள்ளைக் காரை வாங்கிக்கொள்கிறாயா என்று முதலில் என்னிடம்தான் கேட்டார். மற்ற கார்களில் டிரைவருக்குத்தான் பிரேக். அதில் எனக்கும் ஒன்று உண்டு, பக்கத்தில் கிளட்சும். என் செருப்பு பட்டுப் பட்டு அந்தப் பிரேக்கின் ரப்பர் வழவழவென்று ஆகிவிட்டது. "ரெண்டு மாசம் பொறுப்பேன்மா. அதுக்கு மேல முடியாது. பெரிய ஸ்கூல்காரன் விடாம கேட்டுக்கிட்டிருக்கான்" என்றார் முதலாளி. பெரிய ஸ்கூல்காரன் என்னையும் எடுத்துக்கொள்வானாம், காரோடு வரும் ஸ்டெப்னி மாதிரி. ஆனால் ஓட்டக் கற்றுக்கொடுக்க இல்லை, வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போன் எடுக்க. இந்த உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. அதையும் பிடுங்கிவிட்டு, மேசையில் உட்கார்ந்து ஹலோ ஹலோ என்று சொல்லச் சொன்னால் நான் எங்கே போவேன்?

கார்டு அக்காவிடம் இருந்தது. அக்கா கேக் கடை வைத்திருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய அடுப்பு பழுதாகி, பெரிய ஆர்டர் ஒன்று தலைக்கு மேல் நின்றபோது நானாகத்தான் கார்டை எடுத்து நீட்டினேன். ஒரு மாதத்துக்கு என்றுதான் பேச்சு. பிறகு வெண்ணெய், மாவு, சர்க்கரை, அட்டைப் பெட்டி என்று எல்லாவற்றையும் அதில் வாங்க ஆரம்பித்தாள். கேக் வாங்கிப் போகிற அலுவலகங்கள் மெதுவாகப் பணம் கொடுக்கும். அவளோ கடைசித் தேதிக்குள் டாண் என்று கட்டிவிடுவாள். உடனே எனக்குச் செய்தி வரும்: "கட்டியாச்சு பாப்பா." நாற்பதை எட்டப்போகிற என்னை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

பஸ்ஸில் போகும்போதுகூட டிரைவர் கொஞ்சம் வேகமெடுத்தால் என் வலதுகால் வெறும் தரையை அழுத்தும். தொழில் அப்படி. மாதாமாதம் அக்காவின் செய்தி வரும்வரைக்கும் அதே கதைதான், தரையில் கால் அழுந்தியபடியே இருக்கும். அவள் ஒரு தடவையும் என்னைக் கைவிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, கார்டைத் திருப்பிக் கேட்டுவிட வேண்டியதுதானே என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். என் கல்யாணம் முறிந்து ஒரே ஒரு பையோடு நான் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றபோது, முன்னறையில் எனக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தேன். பாதி நாள் எழுந்திருக்கக்கூட மாட்டேன். அவர்களுக்கும் நெருக்கடியான காலம்தான் அது. அத்தனை நாளில் "எப்பக் கிளம்பற?" என்று அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமாவையும் கேட்க விட்டதில்லை. அப்படிப்பட்டவளிடம் போய் "எப்பக் கார்டைத் தருவே?" என்று எந்த வாயால் கேட்பது?

ஆனாலும் போனேன். கடைக்குப் பின்னறையில் அடுப்பின் சூடும் வெனிலா வாசனையும் சேர்ந்து சுவர் வரைக்கும் ஊறிப்போயிருக்கும். பெரிய மிக்ஸர் கடகடவென்று மாவை அடித்துக்கொண்டிருந்தது. மாமா தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கேக்கின் மேல் க்ரீமைப் பிழிந்து "வாழ்த்துகள்" என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஒற்று விடாமல் எழுதுவாள், அதில் ரொம்பக் கறார். ஓரத்தில் வெட்டி எடுத்த துண்டுகள் கிண்ணத்தில் கிடந்தன. வழக்கமாக வந்ததும் வராததுமாக நான் பாய்வது அதன்மேல்தான்.

"என்ன விஷயம்?" என்றாள் நிமிராமல்.

"ஒண்ணுமில்லையே."

"கேக்கைத் தொடாம உக்காந்திருக்கே. ஒண்ணுமில்லையாம்."

சொன்னேன். முதலாளி, கார், அதிகாரி, முள் எல்லாவற்றையும் சுற்றி வளைத்துச் சொல்லி, கார்டு என்ற வார்த்தைக்கு வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அக்கா க்ரீம் பையைக் கீழே வைத்தாள். மாமா குழாயை நிறுத்தினார்.

"நான் எப்பவாவது நாள் தவறியிருக்கேனா?"

"இல்லைக்கா."

"பாதியாவது பாக்கி வச்சிருக்கேனா?"

"ஐயோ, இல்லைக்கா."

"அப்புறம் எப்படி உன் மார்க்கு என்னால குறையும்?" அவள் குரல் உடைந்தது. கோபமா, அவமானமா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

"நீ கட்டறதுக்கு முன்னாடியே அவங்க ஒரு நாள் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிடறாங்கக்கா. அன்னிக்கு என்ன இருக்கோ அதைத்தான் எழுதிக்கறாங்க."

அக்கா விரலில் ஒட்டியிருந்த க்ரீமைத் துடைத்தாள். "பெருக்கறதுக்கு முன்னாடி வந்து எட்டிப் பாத்தா எந்த வீட்லதான் குப்பை இருக்காது? பெருக்கின அப்புறம் வரச் சொல்லேன்."

"அவங்க வர்ற நாள் மாறாது. நாமதான் முன்னாடி பெருக்கணும்."

"முன்னாடி பெருக்கத் துடைப்பம் வேணாமா? எனக்குப் பணம் கைக்கு வர்றதே அதுக்கப்புறம்தானேடி." சொல்லிவிட்டு மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து கார்டை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். அதில் மேடாக இருந்த என் பெயர் எழுத்துகளின் இடுக்கில் மாவு ஏறி வெள்ளையாக நின்றது. "இந்தா."

"நான் திருப்பிக் கேக்கலையேக்கா."

"நீ கேக்க மாட்டே. அதான் குடுக்கறேன்." என் கையை விரித்து அதில் வைத்து மூடினாள். "அடுத்து எப்ப எட்டிப் பாப்பான்?"

"பதினெட்டாம் தேதி."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி க்ரீம் பையை எடுத்துக்கொண்டாள். மாமா குழாயைத் திறந்துவிட்டார். கிண்ணத்துத் துண்டுகளைத் தொடாமலே எழுந்து வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். கார்டு பையில் இருந்தது. பையைத் திறக்கும்போதெல்லாம் வெனிலா வாசனை அடித்தது.

அதற்குப் பிறகு அக்கா கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கும் துணிச்சல் வரவில்லை. நான் பாட்டுக்கு என் மாணவிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பதினேழாம் தேதி சாயங்காலம் ஒரு பெண் என் உயிரை வாங்கிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. அக்கா ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தாள்: "பெருக்கியாச்சு."

களுக்கென்று சிரித்துவிட்டேன். தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று அந்தப் பெண் பயந்து பிரேக்கை மிதித்துவிட்டாள். "இல்லம்மா, நீ நல்லாத்தான் ஓட்டறே" என்று பொய் சொன்னேன். அன்றைக்கு அவளை ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

அடுத்த மாதம் கட்டவேண்டியது எதுவும் இல்லாததால் செய்தியும் வரவில்லை. நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தத் தேதியில் நாளெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அதிகாரி கூப்பிட்டார். முள் பச்சைக்கு வந்துவிட்டதாம். "கார்டைச் சும்மாவும் போட்டுடாதீங்க மேடம். கொஞ்சமா வாங்கி, முன்னாடியே கட்டிக்கிட்டிருங்க" என்றார். முதலாளி வைத்த கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கி, காரை நேராக அக்கா கடைக்குத்தான் விட்டேன்.

பின்னறை அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குக் காரணம் எனக்கு உடனே உறைக்கவில்லை. பிறகுதான் மேசையைப் பார்த்தேன். பெரிய மிக்ஸர் இருந்த இடத்தில் நான்கு கால் தடங்களும் நடுவில் வெளுத்த ஒரு சதுரமும் இருந்தன. அக்கா அகலமான பாத்திரத்தை மடியில் அணைத்துக்கொண்டு கையாலேயே அடித்துக்கொண்டிருந்தாள். தோள்பட்டையில் வலிநிவாரணப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முன்பு கேக் பெட்டிகள் அடுக்கியிருந்த அலமாரியில் பாதி காலி.

"அக்கா..."

"அழுது தொலைக்காதே. மாவுல உப்பு ஏறிடும்" என்றாள்.

மாமாதான் சொன்னார்: "இப்பெல்லாம் உங்க அக்கா பாதிப் பணம் முன்னாடி குடுத்தாத்தான் ஆர்டர் எடுக்கறா. நாலு பேர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. போறாங்க, விடு. ஆனா வாயைத் திறந்து கேக்கறா பாரு, நானே அசந்துட்டேன்."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பானெட்டைத் தடவினாள். பிறகு, "கொண்டுபோய்க் குடுக்கறவனுக்கே என் லாபமெல்லாம் போகுது. எனக்கு ஓட்டக் கத்துக் குடு" என்றாள்.

"எப்ப?"

"இப்ப."

கடைக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெரு. அக்கா டிரைவர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்துத் தெருவில் கொடுக்கவேண்டிய கேக் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி மாமா பின்னால் ஏறினார். நான் என் பக்கத்துப் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, பையிலிருந்து கார்டை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவே டாஷ்போர்டின் மேல் வைத்தேன்.

"முப்பதுக்குள்ள வாங்கிக்க. பதினேழுக்குள்ள கட்டிடு" என்றேன்.

அக்கா கார்டைப் பார்த்தாள். எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பக் கிளம்பறது?" என்றாள்.

ஒரு வருடம் முழுக்க அந்த வீட்டு முன்னறையில் கிடந்து, இன்றைக்குக் கேட்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று நான் பயந்த கேள்வி. "உனக்கு எப்பத் தோணுதோ அப்ப. கிளட்சை மெதுவா விடு" என்றேன்.

முதல் தடவை குலுங்கி நின்றது. இரண்டாவது தடவையும். பின்னால் மாமா ஏதோ முணுமுணுத்தார். அக்கா திரும்பி என் காலைப் பார்த்தாள்.

"உன் கால் எங்க இருக்கு?"

"பிரேக்ல."

"எடு."

பாடம் நடக்கும்போது நான் ஒரு நாளும் அங்கிருந்து காலை எடுத்ததில்லை. எடுத்தேன். இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். வண்டி ஒரு முனகலோடு நகர்ந்தது. பிறகு நேராகவே போனது. தெரு முடிவில் திருப்பம் வந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைச் சுற்ற, டாஷ்போர்டின் மேலிருந்த கார்டு மெல்ல வழுக்கி அவள் பக்கம் போய்க் கண்ணாடி ஓரத்தில் முட்டி நின்றது. எழுத்துகளுக்கிடையில் மாவு இன்னும் வெள்ளையாக இருந்தது.