காற்றில்லாமல் விழுந்த காய்கள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காலையில் நான் வாயைத் திறக்காமல் நின்றேன், அதிலிருந்து வந்தது. இடம், வெள்ளிமலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் என் அண்ணன் ஜுல்பிகர் குத்தகைக்கு எடுத்திருக்கும் மாந்தோப்பு. நான் கள்ளக்குறிச்சியில் தாவரவியல் டீச்சர்.

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘தாய் மாமரம் தன் பிஞ்சுகளைக் கண்ணீரோடு…’

அடச்சே. மரமாவது அழுவதாவது. அடித்துவிட்டேன்.

2

மரம் செய்வது இதுதான். இலையோ பூவோ காயோ, காம்படியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. பிஞ்சு நன்றாக வளரும்வரை ஒரு ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது குறைந்தால் அந்த அடுக்கின் பசை கரைந்து, காய் கழன்று விழும். எல்லாப் பிஞ்சுக்கும் ஊட்ட மரத்திடம் சத்து கிடையாது. தண்ணீர் கம்மியானால் இன்னும் ஜாஸ்தி உதிர்க்கும். காற்றே வேண்டியதில்லை.

(பாடம் நடத்துகிறேன், தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

அந்தத் தோப்பில் ஒரு வழக்கம். மரத்தில் இருப்பது குத்தகைக்காரருக்கு. தானாக விழுந்தது அங்கே கூலிவேலை செய்பவர்களுக்கு. அன்று கூலிவேலைக்கு வந்திருந்த தைலம்மாளின் சாக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. அண்ணன் பார்த்துவிட்டான்.

“இன்னா தைலம்மா, காத்தே அடிக்கல, சாக்கு எப்பிடி ரொம்புச்சி? மரத்த உலுக்குனியா?”

“அய்யோ பாய், கீழ கெடந்ததத்தான் பொறுக்கிக்கினு இருந்தேங்க. எம் புள்ள மேல சத்தியமா.”

“நாளையிலேர்ந்து வேலைக்கு வராத.”

பறிப்புக் காலக் கூலியை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இங்கே அண்ணனை வில்லனாக்கக் கை துறுதுறுக்கிறது. அவன் மீசையை முறுக்கிக்கொண்டு… அவனுக்கு மீசையே கிடையாது. போன வருடம் தைலம்மாள் மகளுக்குக் காய்ச்சல் என்றதும் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். முன்கோபி, அவ்வளவுதான்.

தைலம்மாள் ஒரு காயை என்னிடம் நீட்டினாள்.

“நீங்க படிச்சவங்க டீச்சர். பாத்து சொல்லுங்க.”

பார்த்தேன். காம்பு விட்ட இடம் வழவழவென்று காய்ந்திருந்தது. உலுக்கி விழுந்திருந்தால் காம்பு பிய்ந்து பால் வடிந்திருக்கும். சாக்கின் மேலே கிடந்த அத்தனையும் அப்படியே காய்ந்த முனைதான். தோப்புக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பழுதாகி, அண்ணன் சரிசெய்யாமல் ஒன்பது நாள் விட்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

4

முடிவு (அ): நான் விளக்குகிறேன், அண்ணன் வருந்துகிறான், எல்லோரும் டீ குடிக்கிறோம். சுத்தப் பொய்.

முடிவு (ஆ): தைலம்மாளே காம்பைக் காட்டி வாதாடி ஜெயிக்கிறாள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் நான் செய்யவேண்டியதை அவள் தலையில் கட்டுகிறேன்.

நடந்தது: பதினைந்து பேர் பார்க்கும்போது அண்ணனை எப்படி…

“வாண்ணே, வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

தைலம்மாள் என் கையிலிருந்து காயைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

5

முடிவை வாசகரிடம் விடுவது இம்மாதிரிக் கதைகளில் சௌகரியம். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிக்கும் வாசகர் இப்போது பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணே, தைலம்மா உலுக்கல. தண்ணி இல்லாம மரமே உதுத்துடுச்சி. அன்னிக்கே எனக்குத் தெரியும். அடுத்த வாரம் பறிப்பு ஆரம்பிக்குது. அதுக்குள்ள அவங்க வூட்டுக்குப் போவியா, மாட்டியா? நீ போனாலும் போகாட்டாலும் நான் போகணும். என்னையும்தான் அவங்க நம்பிக் கேட்டாங்க.