வெர்னெல் போட்ட மனு

வெர்னெல் ஒரே ஒரு பொட்டலத்தைத்தான் கைமாற்றிக் கொடுத்தாள். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் மொபீல் நகரில் அவள் நடத்திய பியூட்டி பார்லர்தான் போதைச் சரக்குக் கிடங்கு, கூட்டத்துக்கே அவள்தான் தலைவி என்று புருஷன் ஓடெல் கூண்டில் ஏறிச் சொன்னான். சொன்ன புண்ணியத்துக்கு அவனுக்கு நாலு வருஷம், அவளுக்குப் பதினைந்து.

பிடிபட்டிருந்தபோது ஓடெல் சிறையிலிருந்து தன் தம்பியிடம் போனில் பேசியதெல்லாம் பதிவாகியிருந்தது. அதைக் கேளுங்கள் என்று தன் வக்கீல் ஹாஸ்கெலிடம் அவள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. மேல்முறையீடும் தோற்றது. பிறகு ஃபெடரல் சிறையில் இருந்தபடியே, இதைச் சொல்லித் தண்டனையை எதிர்த்து மனுப் போட்டாள். அப்போது உள்ளே போய் மூன்று வருஷம். மனு விசாரணைக்கு வந்தபோது ஒன்பது.

கால் விலங்கோடு கோர்ட்டுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பின்வரிசையில் மகள் ஜோனெல் இருந்தாள். அப்பன் வீட்டாரிடம் வளர்ந்தவள், ஒருமுறைகூடச் சிறைக்கு வந்து எட்டிப் பார்க்காதவள்.

கோர்ட்டு நியமித்த புது வக்கீல் டெஸ்ஸா ஓடெல் பேசிய பதிவை ஓடவிட்டாள்.

"அவளுக்கு என்னடா தெரியும்? ஒருதடவை ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் குடுத்தா, அவ்வளவுதான். இந்தப் போலீசுக்குப் பெரிய தலை ஒண்ணு வேணுமாம். என்கிட்ட வேற யாரு இருக்கா? கட்டினவதான் இருக்கா."

கூடவே ஒரு சிரிப்பு.

ஹாஸ்கெல் கூண்டில் ஏறி, கழுத்து டையைச் சரிசெய்துகொண்டார். "கேக்க வேணாம்னு முடிவு பண்ணது ஒரு வியூகம்."

"உள்ளே என்ன இருக்குன்னே தெரியாம என்ன வியூகம் சார்?" என்றாள் டெஸ்ஸா.

அவர் தண்ணீர் குடித்தார்.

நீதிபதி பழைய தண்டனையை ரத்து செய்தார். அவள் செய்த காரியத்துக்கு ஐந்து வருஷமே அதிகம், இன்றே போகலாம் என்றார். ஏதாவது சொல்ல விருப்பமா என்றும் கேட்டார். பேச வேண்டாமென்று டெஸ்ஸா அவள் கையை அழுத்தினாள். வெர்னெல் கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"மனு போட்டப்ப எனக்கு மூணு வருஷந்தான் ஆகியிருந்துச்சு ஐயா. அது உங்க மேசையிலதான் கெடந்துச்சு. இந்த டேப்பைக் கேக்க எவ்வளவு நேரம் ஆச்சு இன்னிக்கு? மிச்ச நாலு வருஷத்தை யாரு தருவா, நீங்களா, இந்த ஹாஸ்கெல் ஐயாவா?"

"அதுக்குச் சட்டத்துல வழியில்லம்மா."

"எனக்குப் பதினஞ்சு போட மட்டும் வழி இருந்துச்சு."

நீதிபதி எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெளிப்படியில் ஜோனெல் அழுதுகொண்டே போனை எடுத்தாள். "அப்பாங்கற அந்தாளை நாலு வார்த்தை கேக்கறேன், இரும்மா."

"வை கீழ. அவன்கிட்ட நான் பேசிக்கறேன். மொதல்ல நீ சொல்லு. ஏண்டி ஒருதடவைகூட வரல?"

"அப்பா சொன்னதை நம்பிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

ஜோனெல் படியைப் பார்த்தபடி நின்றாள். "தோணுச்சு. நீ பொய் சொல்லுவன்னு நெனச்சேன்."

வெர்னெலுக்குக் கையை ஓங்கத் தோன்றியது. ஓங்கவில்லை. காலையிலிருந்து எத்தனையோ பேர் பேசியதில், மழுப்பாமல் வந்த பதில் இது ஒன்றுதான்.

"கார் எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டு, மகளுக்காகக் காத்திராமல் விறுவிறுவென்று படியிறங்கினாள்.