நாற்பத்திரண்டாவது மீட்டருக்கு முன்

காலை ஏழரை மணிக் கூட்டத்தில் மீத்தேன் வாயு அளவு கால் சதவீதம்தான் என்று நான் வாசித்ததும் மாமா மேசையைத் தட்டினார். மாமா என்றால் என் அக்கா கணவர். சுரங்கத்துக்குள் நிலக்கரி வெட்டும் முகப்பில் பதினெட்டுப் பேருக்கு மேஸ்திரி. நான் மேலே அலுவலகத்தில் இருப்பவள். நிலக்கரியை எடுத்த பிறகு கூரைப் பாறை எப்போது சரியும், சரிந்தால் எவ்வளவு வாயு வரும் என்று கணினியில் மாதிரி போட்டுச் சொல்வது என் வேலை.

"முப்பது மீட்டர்ல கூரை விழும்னே. முப்பத்தெட்டு வெட்டியாச்சு. கூரையும் விழல, கேஸும் வரல. மச்சினி, உன் கம்ப்யூட்டரை ஜோசியக்காரன்கிட்ட வேலைக்கு விடு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. வெட்டிய இடத்தில் கூரை விழுந்தால்தான் மேற்பாறை தளரும். அதற்கும் மேலே இருக்கும் இன்னொரு நிலக்கரி அடுக்கிலிருந்து வாயு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதற்கென்று பதித்த குழாய்கள் அதை உறிஞ்சிவிடும். வாயு வரவில்லை என்றால் கூரை இன்னும் தொங்குகிறது. தொங்குவது ஒரே வீச்சில் விழுந்தால் காற்றும் வாயுவும் முகப்பில் நிற்பவர்கள் மேல்தான் பாயும்.

கூட்டம் முடிந்ததும் நேரே கல் கொட்டகைக்குப் போனேன். துளைபோட்டு எடுத்த பாறைத் துண்டுகளை அங்கே பெட்டிகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். நான் படங்களைப் பார்த்து மாதிரி போட்டவள், கல்லைத் தொட்டதில்லை. கூரையாக நிற்கும் ஆறு மீட்டர் மணற்பாறையின் நடுவே ஒரு விரிசல். அதை வைத்துத்தான் மூன்று மூன்று மீட்டராக இரண்டு அடுக்கு என்று கணக்கில் ஏற்றியிருந்தேன்.

துளைபோட்டவர் எட்டிப் பார்த்தார். "அதுவா? கல்லு துளைபோடுற குழாய்ல சிக்கிக்கிச்சும்மா. சுத்தியால ஒரு தட்டு தட்டி எடுத்தேன். நான் உடைச்சதுன்னு தெரிய சாக்பீஸ்ல பெருக்கல் குறி போட்டேனே?"

படம் எடுக்குமுன் கல்லை நனைப்பது வழக்கம். குறி கழுவிப் போயிருந்தது.

கணக்கை மறுபடி போட்டேன். ஆறு மீட்டரும் ஒரே பாளம் என்றால் அது நாற்பத்திரண்டு மீட்டர் வரை தாங்கும். ஒரு நாளைக்கு நான்கு மீட்டர் வெட்டுகிறார்கள். மீதி இன்று ஒரு நாள்தான்.

உடைந்த இடத்தின் இரண்டு துண்டுகளையும் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். மாமாவும் அங்கே இருந்தார்.

"சார், தப்பு என்னோடது. வெட்டுறதை இப்பவே நிறுத்தணும். ஆளுங்களை வெளியே எடுத்துட்டு, கூரையில துளை போட்டு அழுத்தமா தண்ணி ஏத்தி நாமளே விழவைப்போம்."

"நேத்து வரைக்கும் முப்பது, இன்னைக்கு நாற்பத்திரண்டு," என்றார் மேலாளர். "எதை நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம் சார். மாமா, இதைச் சேர்த்துப் பாருங்க."

மாமா வேண்டாவெறுப்பாக வாங்கினார். துண்டுகள் பல்லோடு பல்லாகப் பொருந்தின. விரலால் தடவினார். பிரித்தார், மறுபடி சேர்த்தார்.

"பழைய விரிசல்னா வழவழன்னு கறை படிஞ்சிருக்கும். இது பச்சை உடைப்பு." மேலாளர் பதில் சொல்வதற்குள் தொலைபேசியை எடுத்தார். "மெஷினை நிறுத்துடா. கேள்வி அப்புறம் கேளு. எல்லாரும் மேல வாங்க."

கூரை விழுந்ததும் நொடிக்கு அறுநூறு லிட்டர் வாயு வரும் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் தண்ணீர் ஏற்றி முடித்து, அதற்காக இறங்கியவர்களில் கடைசி ஆளும் மேலே வந்த நாற்பதாவது நிமிடத்தில் தரை அதிர்ந்தது. அளவுமானி சரசரவென்று ஏறி ஐந்நூற்று எழுபதில் நின்றது. உறிஞ்சும் குழாய்கள் அத்தனையையும் வாங்கிக்கொண்டன.

மேலாளர் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மாமாவிடம் நீட்டினார்.

"முப்பது குறையுதே, மச்சினி."

"அதுக்கும் ஒரு கல்லு எங்கயாவது கிடக்கும் மாமா. தேடுவோம்."

"தேடு. இந்தத் தடவை படத்துல தேடாதே," என்றார். பிறகு தன் ஆட்களை எண்ணிப் பார்க்கப் போனார்; ஏற்கெனவே இரண்டு தடவை எண்ணியிருந்தார்.