பாரிஸ் பெட்டி

மனுசியும் பிள்ளையும் வரும் ஓட்டோ பரந்தன் தாண்டிவிட்டதாம். மாமி பத்மாசனி போனில் சொன்னதும் ரஜிதன் கட்டில் பொருத்துகளை இன்னொருதரம் குனிந்து பார்த்தான்.

இரண்டு தடவை ஒழித்து, இரண்டு தடவையும் திரும்பி வந்த மூட்டைப்பூச்சி. இந்தமுறை மெத்தையையே கொளுத்தினான். கட்டிலைக் கழற்றி, பொருத்துப் பொருத்தாகக் கொதிதண்ணீர் ஊற்றினான். சுவர் வெடிப்புக்கெல்லாம் சீமெந்து பூசினான். புதுக்குடியிருப்புச் சந்தையில் யார் என்ன மருந்து சொன்னாலும் வாங்கி அடித்தான்.

பிள்ளைப்பெறுவுக்குப் பளையிலுள்ள தாய்வீட்டுக்குப் போகும்போதே மனுசி தேனுகாவின் முதுகெல்லாம் தடிப்பு. நேற்றும் போனில் அதே கதைதான்.

"என்ர பிள்ளையில ஒரு கடி பட்டாலும் திரும்பிப் போயிடுவன். பிறகு நீங்கள் பிள்ளையை வீடியோ கோலில பாருங்கோ."

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து, பிள்ளை இன்றைக்குத்தான் தகப்பன் வீட்டுக்கு வருகிறது. புதுச்சட்டை போட்டு உள்ளே எடுக்கவேண்டும். அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினான். தேனுகா ஆறு மாதப் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது பாரிஸிலிருந்து வந்து நின்ற அக்கா கிருசாந்தி, பிள்ளைச் சட்டைகளோடு விட்டுவிட்டுப் போன பெட்டி.

"முப்பத்தொண்டு கழியமுதல் திறக்கப்படாது தம்பி, பிள்ளைக்குக் கூடாது" என்று சொல்லியிருந்தா. அதனால் வீட்டில் அவன் கை படாத ஒரே சாமான் அதுதான்.

பெட்டியின் சிப்பை இழுத்துத் திறந்தான்.

தையலோரம் முழுக்க மிளகுத்தூள் கொட்டியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். அதில் ஒரு புள்ளி நடந்தது.

அக்கா வந்து நின்ற கிழமைதான் வீட்டில் முதல் மூட்டைப்பூச்சியைக் கண்டது. இப்போதுதான் உறைத்தது.

வெளியே ஹோன் சத்தம்.

மூடி மேலே ஏற்றிவிடலாம். இரண்டு நாளாவது மனுசியோடும் பிள்ளையோடும் இருக்கலாம். கை மூடியைப் பிடித்தும்விட்டது. அந்நேரம் ஓட்டோவுக்குள் பிள்ளை அழுதது.

ரஜிதன் வாசல் படலைக்குப் பாய்ந்தான். ஓட்டோவை மறித்து இரண்டு கையையும் விரித்தான்.

"இறங்காதை தேனு! இன்னும் இருக்கு... அக்காவின்ர பெட்டிக்குள்ள."

"இவ்வளவு தூரம் வரவிட்டோ இதைச் சொல்லுறீங்கள்?" மாமி தலையில் கைவைத்தா.

"அண்ணை, கொஞ்சம் தள்ளி நிண்டு கதையுங்கோ. என்ர சீற்று புதுசு" என்றான் ஓட்டோக்காரன்.

தேனுகா பிள்ளையின் முகத்தை மட்டும் அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். தொட நீட்டிய கையை அவனே இழுத்துக்கொண்டான்.

"திருப்புங்கோ" என்றாள் ஓட்டோக்காரனிடம்.

ஓட்டோ திரும்பிப் போனது. படலையைப் பிடித்தபடி நின்றான். ஒழுங்கை முடியும் இடத்தில் ஓட்டோ நின்றது. தேனுகாவின் தலை வெளியே நீண்டது.

"இஞ்சருங்கோ! சட்டையெல்லாம் பாக்கவேண்டாம், பெட்டியோட கொளுத்துங்கோ! கிருசாந்தி மச்சாளுக்கு நான் சொல்லுறன்! கொளுத்திப்போட்டு எனக்குக் கோல் எடுங்கோ!"

ரஜிதன் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடிக் குசினிக்கு ஓடினான்.