பத்து நாற்பது படகு

பஸ் டிப்போவில் பத்தொன்பது வருடமாக நேர அட்டவணை போடுகிறவள் நான். எந்த வண்டி எப்போது கிளம்பி, எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் என் மேஜையில்தான் முடிவாகும். அப்படிப்பட்டவளுக்குத் தங்கையின் தீவுக்குப் பயணத் திட்டம் போடுவது ஒரு வேலையா? ஒரே தாளில் முடித்துவிட்டேன். சனிக்கிழமை விடிகாலை நாலே காலுக்கு பஸ், ஒன்பதே முக்காலுக்குத் துறைமுகம், பத்து நாற்பதுக்குப் படகு, சாயங்காலம் தீவு. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

தென்னை, மணல், நானூறு பேர், ஒரு பள்ளிக்கூடம். அவ்வளவுதான் அந்தத் தீவு. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். படகு வாரத்துக்கு ஒருமுறைதான். சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்பும். மாப்பிள்ளை கப்பல் மெக்கானிக். அதே திங்கட்கிழமைப் படகில் ஏறினால், எட்டு மாதம் கழித்துத்தான் வருவார். அதனால் தேதியைத் தள்ளிப்போட வழியில்லை.

"சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும்க்கா" என்று சொல்லியிருந்தாள். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். ஆனால் நாலு வருடத்துக்கு முன் அவள் தீவுக்குக் கிளம்பிய அன்று, வழியனுப்ப நான் இரண்டு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பஸ் நான் போட்ட நேரத்துக்குக் கச்சிதமாகக் கிளம்பிவிட்டது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான்தான் மறக்கவில்லை. இந்த முறை எதுவும் பிசகக் கூடாது என்று, நடுவில் டீ குடிக்கும் நேரத்தைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் ஆபீசுக்கு போன் செய்தார். அவர் தையல்காரர். கத்தரி பிடித்தால் கை நடுங்காது, பயணம் என்றால் வயிறு கலங்கிவிடும்.

"படகுல கக்கூஸ் இருக்கான்னு கேக்கலாம்னு படகு ஆபீசுக்கு போன் பண்ணேன்" என்றார்.

"இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க? மானத்த வாங்காதீங்க."

"கக்கூஸ் இருக்காம். ஆனா நாளைக்கு படகு காலைல நாலரைக்காம்."

"பத்து நாப்பதுங்க! படகுத்துறை போர்டையே தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா."

"அது மூணு வாரத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோவாம். தண்ணி ஏறுனாத்தான் பாறைக்கு மேல படகு போகுமாம். தண்ணி தினமும் வேற வேற நேரத்துக்கு ஏறுமாம். 'உங்க வீட்டம்மா என்ன, கடலுக்கே டைம்டேபிள் போட்டாங்களா?'ன்னு சிரிக்கிறான் அந்த ஆளு."

எனக்குக் காது சுட்டது. எழுதி ஒட்டிய நேரம் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாறினால் அதை மாற்றுகிறவள் நான்தானே! துறைமுகத்துக்குக் கடைசி பஸ் மூன்று மணிக்கே போய்விட்டது. ஆள் ஏறுவதில்லை என்று ராத்திரி வண்டியை நிறுத்தியதும் சாட்சாத் நான்தான். மலைப்பாதையில் ராத்திரி வர முடியாது என்று இரண்டு வாடகைக் கார்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

மூன்று நிமிடம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என் அட்டவணையையே எடுத்துப் பிரித்தேன். எனக்கு வழி வேறெங்கே கிடைக்கும்? இருந்தது. காலி வண்டி. மறுநாள் துறைமுகத்திலிருந்து கிளம்ப வேண்டிய முதல் பஸ், முந்தின ராத்திரி பத்து மணிக்கே இங்கிருந்து ஆளில்லாமல் கிளம்பி மூன்று மணிக்கு அங்கே போய் நிற்கும். டிப்போ ஊழியர் குடும்பத்தோடு ஏறலாம். ஓட்டுகிறவர்தான் சிக்கல். அவருக்கு 'ஆமை' என்று பெயர் வைத்தவளே நான். டீசலுக்குப் பிடித்த தண்டம் என்று அந்த வண்டியை நிறுத்தச் சொல்லி நாலு முறை எழுதியிருக்கிறேன். போன மாதம் இருவரும் கத்திக்கொண்டதோடு பேச்சுவார்த்தை இல்லை.

வீம்பைப் பார்த்தால் கல்யாணம் போகும். ஓய்வறைக்குப் போனேன். ஆமை பெஞ்சில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ராத்திரி ரெண்டு பேரு வர்றோம்."

நிமிர்ந்து பார்த்தார். "அது காலி வண்டியாச்சே. தண்டம்னு எழுதினீங்களே."

"தப்பா எழுதிட்டேன். தங்கச்சி கல்யாணம்ணே."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "தீவு டீச்சருக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பத்து மணிக்கு வாங்க. கொஞ்சம் லேட்டானாலும் நிப்பேன்."

"நிக்கக் கூடாது. பத்துன்னா பத்து" என்றேன். பழக்கதோஷம்.

அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கும் அதனாலதாம்மா நிக்கல. அந்தப் பொண்ணு படியிலயே நின்னு, அக்கா வந்துடுவாங்க, ரெண்டு நிமிஷம்னு கெஞ்சிச்சு. அட்டவணைக்காரம்மா மெமோ குடுப்பாங்கன்னு பயந்து எடுத்துட்டேன். உங்க தங்கச்சின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

மேஜைக்குத் திரும்பிவந்து அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு புதுத் தாளில் திட்டத்தை எழுதினேன். பத்துக்கு டிப்போ, மூன்றுக்குத் துறைமுகம், நாலரைக்குப் படகு. கடைசி வரிக்காகத் தங்கையைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு மத்தியானமே வந்துடுவேன்டி. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கல்யாணம்? எழுதணும்."

"நீ சேலை கட்டி ரெடியானதும்."

"மணி சொல்லுடி."

"மணியெல்லாம் இல்லக்கா. நீ வர்ற வரைக்கும் எல்லாரும் நிப்போம்."

கல்யாணம் என்று எழுதினேன். பக்கத்தில் நேரத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, தாளை மடித்துப் பையில் வைத்தேன்.