பெரியவள் சொல்லவேண்டிய பதில்

சின்னவள் ஈரத்துணியால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாகத் தம்ளரைக்கூடப் பிடிக்காத கை.

"பெரியவளே, உன் படிப்பை நிறுத்தினேனே... தப்பும்மா. இன்னும் கோவமா இருக்கியா?"

அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. குரலும் அக்கா தங்கை இருவருக்கும் ஒன்றுதான். போனில் சொந்தக்காரர்களே ஏமாந்துபோவார்கள்.

அக்கா அந்நேரம் தொழிற்சாலையில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். புது இயந்திரங்கள் வந்திருந்தன. திரையில் வருவதை வாசித்து ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் இனி வேலை. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் இயந்திரம் ஓட்டக்கூடியவள், பேனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அக்கா பத்தாவது முடித்த வருடம்தான் தொழிற்சாலை திறந்தது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே கூலி. "மேல படிச்சா மூணாவது கை முளைக்குமா?" என்றார் அப்பா. தெருவே சிரித்தது. ஆறு வருடம் கழித்துச் சின்னவள் பத்தாவது முடித்தபோது, அதே வாசலில் டிப்ளமோ கேட்டுப் பலகை தொங்கியது. அப்பா மறுபேச்சில்லாமல் அவளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். ஃபீஸ் கட்டியது அக்கா. இன்றைக்கு அக்காவின் கேள்வித்தாளைத் தயாரித்தவர்களில், அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சின்னவளும் ஒருத்தி.

"சொல்லும்மா," என்றார் அப்பா. பிடி தளர்ந்துகொண்டிருந்தது.

நான் சின்னவள்ப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். நழுவப் பார்த்த கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

"கோவமெல்லாம் எப்பவோ போச்சுப்பா."

அவர் முகம் இளகியது. அரை மணி நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. அக்கா வந்துவிடுவாள், இருங்கப்பா என்று சொல்லியிருக்கலாம். அவள் பதிலை நாம் எடுத்துக்கொண்டோமே என்று சின்னவளுக்கு நெஞ்சு உறுத்தியது.

அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்தபின் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

மறைத்துவிடலாமா என்று பார்த்தாள் சின்னவள். மனசு கேட்கவில்லை.

"உன்கிட்ட மன்னிப்பு கேட்டாருக்கா. என்னை நீன்னு நெனச்சுட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"கோவமெல்லாம் போச்சுன்னு சொல்லிட்டேன்."

அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"போகலடி," என்றாள்.

பிறகு கால்மாட்டுக்கு நகர்ந்து, வெளியே தெரிந்த அவர் பாதங்களைக் குளிர் படாதபடி போர்வையால் சுற்றி, ஓரத்தை அடியில் செருகினாள்.